தவறென்று சொல்லாத பூட்டு

திரையில் ‘கடவுச்சொல் தவறு’ என்று வந்ததால் சிங்காநல்லூரில் ஒரு பெண்ணின் மணிக்கட்டு உடைந்தது. கணவன் கேட்டபோது அவள் பொய்யாக ஒன்றைச் சொல்லியிருந்தாள். திரை அதை உடனே காட்டிக்கொடுத்தது. கையை முறுக்கிய பிறகு அவள் சொன்னது உண்மையான சொல். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன்னைப் பற்றி அவள் எழுதியிருந்ததையெல்லாம் தேதி வரிசையாகப் படித்தான்.

அந்த நாட்குறிப்புத் தளத்தை நடத்தியது ‘கைவிளக்கு’ என்ற அமைப்பு. வீட்டில் அடி வாங்கும் பெண்கள் நடந்ததை அவ்வப்போது எழுதிவைத்தால் பின்னால் வழக்குக்குத் துணையாக இருக்கும் என்பது யோசனை. மணிக்கட்டு உடைந்த பிறகு அமைப்பின் வழக்கறிஞர் தில்ஷாத் பேகம் பழைய தளத்தை மூடிவிட்டு, புதிதாக ஒன்று செய்து தரச்சொல்லி பீளமேட்டில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு வந்தார். மெர்சிலினும் நந்தகோபாலும் சேர்ந்து நடத்திய நிறுவனம் அது. இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். பம்ப்செட் கம்பெனிகளுக்கும் நகைக்கடைகளுக்கும் தளம் செய்துகொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

சேமிக்கும் எழுத்தை எந்த முறையில் பூட்டுவது என்பதுதான் அன்றைய பேச்சு. சாவியை நிறுவனமே சர்வரில் வைத்துக்கொள்ளலாம் என்றான் நந்தகோபால். அது சுலபம். யாராவது கடவுச்சொல்லை மறந்தாலும் மீட்டுக் கொடுத்துவிடலாம். தில்ஷாத் ஒத்துக்கொள்ளவில்லை. அதிகாரத்தோடு வந்து கேட்பவனிடம் சாவியைக் கொடுக்க வேண்டிவரும், அந்தக் கணவர்களில் சிலர் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் என்றார். அப்படியானால் சாவி அவரவர் கடவுச்சொல்லிலிருந்தே பிறக்கும்படி செய்யலாம், அதை நிறுவனத்தாலும் திறக்க முடியாது என்றான். சிங்காநல்லூர்ப் பெண்ணிடம் இருந்தது அந்தப் பூட்டுதான் என்று தில்ஷாத் சொன்னார்.

“நல்ல பூட்டுதான் தம்பி. தப்பான சாவி போட்டா தப்புன்னு வாயைத் தொறந்து சொல்லுது பாருங்க, அதுலதான் அவ மாட்டிக்கிட்டா. தப்புன்னு சொல்லாத பூட்டு ஏதாவது இருக்கா?”

“அதுக்குப் பேரு பூட்டு இல்லைங்க மேடம், வெறும் கதவு,” என்றான் நந்தகோபால்.

மெர்சிலின் சிரிக்கவில்லை. அப்படி ஒரு முறை இருப்பதை அவள் ஆய்வுக் கட்டுரைகளில் படித்திருந்தாள். வங்கி அட்டை எண்களுக்கு மட்டும் செய்து பார்த்திருந்தார்கள். மனிதர்கள் எழுதும் எழுத்துக்கு அதைப் பொருத்துவது முன்பு முடியாத காரியமாக இருந்தது. இப்போது மனிதரைப்போலவே எழுதும் மொழி இயந்திரங்கள் வந்துவிட்டன.

“ஒரு பெரிய லைப்ரரின்னு நெனச்சுக்கங்க மேடம்,” என்றாள். “ஒரு வீட்டுல நடக்கக்கூடிய எல்லா வாழ்க்கையும் அதுல புத்தகமா இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். ஒருத்தி எழுதறது எந்தப் புத்தகமோ, அதோட நம்பரைத்தான் நாம பூட்டி வைக்கிறோம். அவ சாவி போட்டா அந்த நம்பர் வரும். வேற சாவி போட்டா வேற நம்பர் வரும். வேற நம்பர்னா வேற புத்தகம். அதுவும் ஒரு டைரிதான். அதே புருஷன், அதே புள்ளை, அதே வீதி. நடந்தது மட்டும் வேற. படிக்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது.”

“உங்க சர்வருக்குத் தெரியுமா?”

“தெரியாது. எனக்கும் தெரியாது.”

இதுதான் வேண்டும் என்றார் தில்ஷாத்.

நந்தகோபால் ஒன்றை மட்டும் கேட்டான். அந்தப் பெண்ணே தப்பாக அடித்துவிட்டால் என்ன ஆகும்? மெர்சிலினுக்கு அது பெரிய கேள்வியாகத் தோன்றவில்லை. அவளுடைய வாழ்க்கை அவளுக்குத் தெரியாதா, படித்த உடனே இது நான் எழுதியதில்லை என்று தெரிந்துவிடாதா என்று திருப்பிக் கேட்டாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேலை நெடுநாள் பிடித்தது. பதிவு செய்யும்போதே பெண்ணிடம் சில விவரங்களைக் கேட்டு வாங்கினார்கள். கணவன் பெயர், தொழில், பிள்ளைகள், வீதி, எந்தக் கோவில் திருவிழா, எந்தக் கடையில் மளிகை. எந்தச் சாவி போட்டாலும் இவை மாறாது. நடப்பவற்றுக்கு, கைவிளக்கு பல வருடங்களாகச் சேர்த்த ஆலோசனைக் குறிப்புகளைப் பெயர்களை நீக்கிவிட்டு இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்தார்கள். முதல் சோதனையிலேயே ஒரு பொய் நாட்குறிப்பில் கணவன் பெல்ட்டை உருவினான். அடிகளை மட்டும் எடுத்துவிட முடியாதா என்று தில்ஷாத் கேட்டார். முடியாது என்றாள் மெர்சிலின். அந்த நூலகத்தில் இல்லாத புத்தகத்தை யாராலும் எழுத முடியாது. அடியை வெளியே எடுத்தால், அடி வாங்கியவள் எழுதவும் இடம் இருக்காது.

அதற்கு ஒரு மாற்றுவழியைக் கைவிளக்கின் தொண்டர்களே கண்டுபிடித்தார்கள். ஒரு பெண் பதிவு செய்ததும், அவளுக்கென்று ஒரு நீண்ட வாக்கியத்தைக் கடவுச்சொல்லாக வைத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எங்கும் எழுதிவைக்கக் கூடாது. பிறகு அவளோடு உட்கார்ந்து பொய்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு சொல்லில் கணவன் குடிப்பான். இன்னொன்றில் வேலைக்குப் போகாமல் கிடப்பான். பொருத்தமான கணவன் கிடைக்கும்வரை தேடி, அந்தச் சொல்லை அவளுக்குக் ‘கொடுக்கிற சாவி’யாக வைப்பார்கள். அவன் மிரட்டினால் அதைச் சொல்ல வேண்டியது. அந்த நேரங்களில் கைவிளக்கு அலுவலகத்தில் ஒரே சிரிப்பாக இருக்கும். பெண் பார்க்கும் படலத்தைத் திருப்பிப் போட்டதுபோல், இவன் வேண்டாம், இவன் மூக்குமேல கோபக்காரன், அடுத்தவனைக் காட்டுங்க என்பார்கள். அந்த அலுவலகத்தில் அதற்கு முன்பு அவ்வளவு சிரிப்புக் கேட்டதில்லை என்று தில்ஷாத் சொன்னார்.

தளம் நன்றாக ஓடியது. திருப்பூர், பொள்ளாச்சி, ஈரோடு என்று பரவியது. கணவர்கள் கேட்டார்கள், கொடுக்கிற சாவியை வாங்கினார்கள், படித்தார்கள், சமாதானமாகிப் போனார்கள். யாருடைய மணிக்கட்டும் இதனால் உடையவில்லை. ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே நந்தகோபால் சொன்னான்: நகைக்கடைத் தளத்துக்குப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று தினமும் போன் வருகிறது, இந்தத் தளத்துக்கு ஒரு போன்கூட வந்ததில்லை. மெர்சிலின் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

பூங்கோதையின் வழக்கு வந்தது அதற்குப் பிறகு. கணபதி என்ற பகுதியில் இருந்தவள். கணவன் ரத்தினசபாபதி மோட்டார் பட்டறையில் மேற்பார்வையாளன். ஒரே மகள் நித்திலா, ஆறு வயது. வீட்டைவிட்டு வெளியேறிய நாளில் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு இவளை மட்டும் வாசலுக்கு வெளியே தள்ளியிருந்தான் சபாபதி. அவள் வடவள்ளியில் கைவிளக்கின் காப்பகத்தில் தங்கி, மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டுக் குடும்பநல நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தாள். அவளிடம் வேறு சாட்சி இல்லை. அக்கம்பக்கத்தார் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். இருந்தது நாட்குறிப்பு ஒன்றுதான்.

தில்ஷாத் முன்னால் உட்கார்ந்து அவள் தன் வாக்கியத்தை அடித்தாள். திறந்தது. அடிகள் இருந்தன. ஆடி மாதம் அவன் குக்கர் மூடியை வீசியதும், இடது புருவத்துக்கு மேலே பிளந்ததும், கணபதியில் ஒரு கிளினிக்கில் தையல் போட்டதும், தையல் போடும்போது நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டதும்கூட இருந்தது. பூங்கோதை அழுதுகொண்டே படித்தாள். இதுதான், நான் எழுதினதுதான் என்றாள். தில்ஷாத் அதை மனுவோடு சேர்த்தார்.

சபாபதியின் பக்கத்திலிருந்து பதில் வந்தது. என் மனைவியின் நாட்குறிப்பு இது இல்லை, உண்மையானது என்னிடம் இருக்கிறது என்று அவனும் ஒரு சொல்லைக் கொடுத்திருந்தான். அதைப் போட்டால் அதே பெயர்களோடு அமைதியான ஒரு குடும்பம் திறந்தது. நீதிமன்றம் குழம்பி, பூட்டைச் செய்தவளைச் சாட்சியாக அழைத்தது.

சாட்சி சொல்லும் முன்பு மெர்சிலின் காப்பகத்துக்குப் போனாள். புருவத் தழும்பைப் படம் எடுத்து மனுவோடு இணைக்க வேண்டும் என்று தில்ஷாத் கேட்டிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் கூடத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பூங்கோதை ஜன்னலருகே வந்து உட்கார்ந்தாள். மெலிந்த முகம். நிதானமாகப் பேசினாள்.

கொடுக்கிற சாவியைப் பற்றி அவளாகவே சொன்னாள். சபாபதி அதை வாங்கிய பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளை உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்வான். மடியில் நித்திலாவை வைத்துக்கொண்டு கேட்பான். அதில் அவன் மருதமலைத் திருவிழாவில் வளையல் வாங்கிக் கொடுத்ததாக ஒரு இடம் வந்தது. அடுத்த வாரம் வளையலோடு வந்தான்.

“நானே மறந்துட்டேன் பாரு, அன்னிக்கு வாங்கிக் குடுத்தது ஒடஞ்சுபோச்சுல்ல, இந்தான்னு சொல்லிக் குடுத்தாருங்க்கா. எனக்கும் ஒடஞ்ச மாதிரிதான் இருந்துச்சுங்க.”

அவன் இல்லாத நேரங்களில் அவளும் வேறு வேறு சொற்களைப் போட்டுப் பார்த்தாளாம். தொண்டர்கள் அன்று காட்டிக்கொடுத்ததுபோல. பொழுது போகும். ஒன்றில் அவள் தையல் வகுப்பு நடத்தினாள். ஒன்றில் இன்னொரு குழந்தை இருந்தது, அதைப் படித்து இரண்டு நாள் அவளால் சாப்பிட முடியவில்லை. உன் வாக்கியம் உனக்கு ஞாபகம் இருந்ததா என்று மெர்சிலின் கேட்டாள். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், அடித்தேன், வந்துவிட்டதே என்றாள் பூங்கோதை.

மெர்சிலின் போனை எடுத்து, தலைமுடியை ஒதுக்கிக் காட்டச் சொன்னாள். பூங்கோதை இடது புருவத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இங்கதானுங்க்கா. அஞ்சு தையல். தொட்டுப் பாருங்க, இன்னும் மேடா இருக்கும்.”

வெயில் நேராக முகத்தில் விழுந்திருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. மெர்சிலின் வலது புருவத்தையும் பார்த்தாள். பிறகு அவள் சொன்னபடியே விரலால் தொட்டாள். தோல் வழவழப்பாக இருந்தது. அவள் தொட்டபோது பூங்கோதை வலியில் கண்ணைச் சுருக்கினாள்.

படம் எடுப்பதுபோல் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டு மெர்சிலின் இறக்கினாள். அப்போதுதான் முடியை ஒதுக்க உயர்ந்திருந்த கையில், முழங்கைக்குக் கீழே அது தெரிந்தது. கூரான முனையும் அகன்ற அடியுமாக, இஸ்திரிப் பெட்டியின் பாதி உருவம். பழைய தழும்பு. சுற்றிலும் தோல் இழுத்துப் பிடித்திருந்தது.

“இது எப்படி வந்துச்சு பூங்கோதை?”

அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் கையைப் பார்ப்பதுபோல்.

“இதுங்களா? தெரியலீங்க்கா. சமையல்ல ஏதாச்சும் பட்டிருக்கும்.”

திரும்பும் வழியில் மெர்சிலின் கணபதி கிளினிக்கில் விசாரித்தாள். அந்தப் பெயரில் யாரும் தையல் போட்டுக்கொண்டதில்லை. அந்தக் கிளினிக்கில் தையலே போடுவதில்லை, பல் மட்டும்தான் என்றார்கள்.

மறுநாள் தளத்தில் ஒரு சிறு அறிவிப்பு போட்டார்கள். ‘நீங்கள் படிப்பது உங்கள் குறிப்புதானா? சந்தேகம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள்.’ சில பதில்கள் வந்தன. எல்லாரும் ஆமாம், எங்களுடையதுதான் என்றே எழுதியிருந்தார்கள். பல்லடத்திலிருந்து ஒருத்தி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தாள். ‘என்னுதுதான். தயவு செஞ்சு எதையும் மாத்திராதீங்க.’ நந்தகோபால் அதைத் திரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், எத்தனை பேர் அடுத்த வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டான். அவனுக்கே பதில் தெரியும். கண்டுபிடிக்க முடியாது என்பதற்காகத்தான் அந்த முறையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

மெர்சிலின் இதையெல்லாம் தில்ஷாத்திடம் சொன்னாள். புருவத்தைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை என்றார் அவர். எந்தச் சாவி உண்மை என்றுதான் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லுங்கள், அது பொய்யில்லையே.

“தெரிஞ்சும் அந்த டைரியை உள்ள விடறோமே மேடம்.”

“அவ அடி வாங்கினாளா இல்லையா? கையைப் பாத்தீங்கல்ல? வேற ஏதோ ஒரு அடிக்கு வேற ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டறோம். இருபது வருஷமா கோர்ட்டுல நிக்கறேன், இதைவிட மோசமான சாட்சியை வச்சு நல்லது நடந்திருக்கு. அந்தப் புள்ள இப்ப யார்கிட்ட இருக்குன்னு யோசிங்க.”

ஆனால் பூங்கோதையிடம் மறைக்க மெர்சிலினால் முடியவில்லை. தில்ஷாத்தின் அறையில், அவர் முன்னாலேயே, கண்ணாடியைக் கையில் கொடுத்துச் சொன்னாள். பூங்கோதை கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தாள். விரல் மட்டும் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாளே, அதுவும் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்று மெர்சிலின் சொன்னபோதுதான் அவள் முகம் மாறியது. நர்ஸ் இல்லாமல் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை போலிருந்தது.

“அப்ப நான் நெசமா வாங்குனது எங்கீங்க்கா இருக்குது?”

உள்ளே இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது, உன் வாக்கியம் கிடைத்தால் திறக்கும் என்றாள் மெர்சிலின். அன்று பூராவும் உட்கார்ந்து முயன்றார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பூங்கோதை திறந்தாள். கிட்டத்தட்ட ஒருத்தியும் தழும்புள்ள கையைப் பற்றி எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்த ஒரே ஒருத்தியும் அது சோறு வடிக்கும்போது பட்டது என்றாள். கடைசியில் பூங்கோதை மடிக்கணினியைத் தானே மூடினாள்.

“அந்த டைரியக் குடுக்க வேண்டாங்க வக்கீலம்மா. அவ வேற ஒருத்தி. அவளைக் காட்டி எம்புள்ளையக் கேட்டா, நாளைக்கு அவ வந்து கேட்டா நான் என்ன சொல்றது?”

தில்ஷாத் நாட்குறிப்பை விலக்கிக்கொள்வதாக மனு தயாரித்தார். கையின் தழும்புக்கு மட்டும் அரசு மருத்துவரிடம் சான்று வாங்கினார்கள். சூடான உலோகத்தால் ஏற்பட்ட காயம், ஓரிரு வருடம் பழையது என்று அதில் இருந்தது. யார் வைத்தது என்று சான்று சொல்லாது.

விசாரணை அன்று சபாபதி நேரத்துக்கு முன்பே வந்து நடைகூடத்தில் காத்திருந்தான். மடிப்புக் கலையாத சட்டை. தோளில் நித்திலாவின் தண்ணீர் பாட்டில். மெர்சிலினைப் பார்த்ததும் எழுந்து வந்து கும்பிட்டான். அவன் மிரட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் தணிந்த குரலில்தான் பேசினான்.

“மேடம், நீங்கதான அதைச் செஞ்சது? என் டைரிய நீங்க ஒருதடவை படிச்சுப் பாருங்க. நான் எப்படிப்பட்ட ஆளுன்னு அதுல இருக்குதுங்க. இவளுக்கு யாரோ எதையோ சொல்லிக் குடுத்துட்டாங்க.”

அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பாக இருந்திருந்தால் மெர்சிலின் நிம்மதி அடைந்திருப்பாள்.

நீதிபதி வயதான பெண்மணி. சபாபதி கொடுத்தது இன்னும் கோப்பில் இருந்ததால், எந்த நாட்குறிப்பு உண்மையானது என்று மெர்சிலினிடம் கேட்டார். யாராலும் சொல்ல முடியாது என்றாள். செய்தவளாலுமா? என்னாலும் முடியாது. அப்படியானால் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும் என்று நீதிபதி பூங்கோதையின் பக்கம் திரும்பி, கையில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டார். கணவர் வைத்த சூடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தில்ஷாத் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியலீங்கம்மா,” என்றாள் பூங்கோதை. “ஆனா பயம் இருக்குதுங்க. இவரு செருப்புச் சத்தம் கேட்டா எனக்குக் கை தானா மடங்குதுங்க. அது மட்டும் எந்த டைரியிலயும் இல்லீங்க.”

நீதிபதி சபாபதியையும் கேட்டார். என் கையால் அவளைத் தொட்டதே இல்லை என்றான். சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு நாட்குறிப்புகளையும் தள்ளிவைத்துவிட்டு, குழந்தையைத் தன் அறைக்கு அழைத்துவரச் சொன்னார் நீதிபதி. ஆலோசகர் ஒருவர் உடனிருந்தார். கதவு வெகுநேரம் மூடியிருந்தது. நீதிபதி திரும்பி வந்து இருக்கையில் அமர்ந்ததும், குழந்தை சொன்னதைச் சுருக்கமாகப் பதிவு செய்யச் சொன்னார்.

அப்பா பட்டறைக்குப் போகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். குழந்தை பாலைக் கொட்டிவிட்டது. சட்டை பாழானது. அப்பா குழந்தையின் முடியைப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். அம்மா கையைக் குறுக்கே விட்டாள்.

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். வேறு ஒரு வீட்டில், வேறு ஒருத்திக்கு நடந்ததைக் கேட்டு அழுவதுபோல் அழுதாள். சபாபதி தன் வக்கீலின் பக்கம் குனிந்து, “நானாங்க?” என்று கேட்டான்.

வழக்கு முடியும்வரை குழந்தை தாயிடம் இருக்கட்டும் என்று அன்று பிற்பகலிலேயே இடைக்கால உத்தரவு வந்தது. மருத்துவரின் சான்றும் குழந்தையின் சொல்லும் ஒத்துப்போகின்றன என்று அதில் எழுதியிருந்தது. சபாபதி தண்ணீர் பாட்டிலைத் தோளிலிருந்து கழற்றி மகளின் தோளில் மாட்டிவிட்டு, கூட்டத்துக்குள் போய்விட்டான்.

வெளியே வந்ததும் தில்ஷாத் முதல்முறையாகச் சிரித்தார். நல்லவேளை, இந்தப் பிள்ளைக்கு டைரி எழுதத் தெரியாது என்றார். மெர்சிலினும் சிரித்தாள். அவர்கள் இருவரும் கொஞ்சம் பின்னால் நடந்தார்கள். முன்னால் தாயும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு போனார்கள். பூங்கோதை குனிந்து, ஜட்ஜம்மாகிட்ட சொன்னதை அம்மாவுக்கு இன்னொருதடவை சொல்லு கண்ணு என்று கேட்டாள். நித்திலா சொன்னாள். பால், சட்டை, பெட்டி. அப்புறம்? அம்மா கையை விட்டியா, ஸ்ஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு. அப்புறம்? பக்கத்து வீட்டு அத்தை மஞ்சள் வெச்சாங்க. பூங்கோதை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தாகத்தில் தண்ணீர் குடிப்பவளைப்போல் அடுத்தது அடுத்தது என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

“அன்னிக்கு அம்மா என்ன சேலை கட்டியிருந்தேன் சாமி?”

நித்திலா நடப்பதை நிறுத்தி யோசித்தாள். பிறகு அம்மாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“இதேதாம்மா. பச்சை. இந்தப் பூப் போட்டது.”

பூங்கோதை முந்தானையைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

“ஆமா கண்ணு,” என்றாள். “இதேதான். இப்ப ஞாபகம் வருது.”

பழைய சேலையோடு கோர்ட்டுக்கு வர வேண்டாம் என்று போன வாரம் ஒப்பணக்கார வீதியில் தில்ஷாத் வாங்கிக் கொடுத்த சேலை அது. வாங்கும்போது மெர்சிலினும் உடன் போயிருந்தாள்.

மெர்சிலின் நின்றுவிட்டாள். தில்ஷாத் அவளைத் திரும்பிப் பார்த்தார். பேசத் தொடங்கியவளின் முழங்கையை அழுத்திப் பிடித்தார். பிறகு உத்தரவின் நகலை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினார்.

“புள்ளைக்குப் பசிக்கும்,” என்றார். “வாங்க, ஏதாவது வாங்கிக் குடுப்போம்.”

முன்னால் நித்திலா தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். பூங்கோதை கேட்டுக்கொண்டு நடந்தாள்.